பாட்டுக்குப் பட்டா யாரிடம்?

நந்திதுர்க் (கோலார் தங்கவயல்): 2024ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் இரண்டு செய்திகள் வெளியாகின. ஒன்று சினிமாப் பக்கத்திலும் மற்றொன்று வணிகப் பக்கத்திலும் இடம்பெற்றதால், இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பர்.

முதலாவது செய்தி மார்ச் மாதத்தில் வந்தது. 'எஞ்சாய் எஞ்சாமி' பாடல் வெளியாகி மூன்றாண்டுகள் நிறைவடைந்ததையொட்டி, அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியை வெளியிட்டார். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்ட அந்தப் பாடலால் தமக்கும், பாடகர்கள் தீ, அறிவு ஆகியோருக்கும் அதுவரை எந்த வருவாயும் வந்து சேரவில்லை என்று அதில் அவர் கூறினார்.

இரண்டாவது செய்தி ஜூன் மாதத்தில் வந்தது. கோலார் தங்கவயலில் மலைபோல் குவிந்து கிடக்கும் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. 13 மேடுகள், ஏறத்தாழ 1,003 ஏக்கர் பரப்பு. உள்ளூர் மக்கள் 'சயனைடு மலை' என்று அழைக்கும் இம்மேடுகளில், மூன்று தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையின் தூள் கிடக்கிறது.

பாட்டுக்கும் பாறைத் தூளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரு செய்திகளிலும் 'ராயல்டி' என்ற ஒரே சொல் அடிபடுகிறது. சுரங்கச் சட்டத்தின்படி ராயல்டி மாநில அரசுக்குச் செல்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது படைப்பாளிக்குச் செல்ல வேண்டும். முதலாவதில் வெட்டியவனுக்குப் பங்கு இல்லை. இரண்டாவதில் எழுதியவனுக்குப் பங்கு உண்டு என்று நாடாளுமன்றமே 2012இல் சட்டம் இயற்றியுள்ளது. அந்தச் சட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு 'எஞ்சாய் எஞ்சாமி' ஒரு சோதனையாக அமைந்துவிட்டது.

வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக அமைந்தவை: பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர். 1880ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு காலடி வைத்தது. பாறையை உடைக்கவும் மண்ணைச் சுமக்கவும் ஆள் தேவைப்பட்டபோது, ஒப்பந்தக்காரர்கள் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளுக்குச் சென்றனர். அங்கிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையில் பரம்பரையாக உழைத்தும் ஒரு சாண் நிலம் கூடத் தம் பெயரில் இல்லாதவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அந்த மின்சாரம் முதலில் சென்றது சுரங்க இயந்திரங்களுக்கும் ஐரோப்பியர் குடியிருப்புகளுக்கும்தான். தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை 'லைன்' எனப்படும் தகரக் கொட்டகைகளும் வரிசை வீடுகளும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குச் சென்றது. பாறை வெடிப்பு, வெப்பம், நுரையீரலைத் தின்னும் சிலிக்கா தூசு ஆகியவை அன்றாட ஆபத்துகளாயின.

பாறையோடு தங்கம் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளியின் உடலும் குடிசையும் சோதனையிடப்பட்டன. 1930இல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதாகக் கூறி மொத்தத் தங்கவயலும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இந்திய சுரங்கத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு முக்கியமான போராட்டம்.

நாடு விடுதலை பெற்ற பின் உரிமை கைமாறியது. 1956இல் மைசூர் அரசு மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து வெளியேறிய தங்கத்தின் அளவு சுமார் 800 டன் என்று மதிப்பிடப்படுகிறது.

இன்று இங்குள்ளவர்கள் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் அலுவலக வேலைக்கும் சென்று இரவில் திரும்புகின்றனர். பல தலைமுறையாக வாழ்ந்த லைன் வீட்டுக்குப் பட்டா வேண்டும் என்பது சுரங்கம் மூடப்பட்ட நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் எழும் கோரிக்கை. கர்நாடகச் சட்டப்பேரவைக்கு 1999இல் அ.தி.மு.க. வேட்பாளரையும், 2004இல் இந்தியக் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் தேர்ந்தெடுத்த தொகுதி இது என்பது குறிப்பிடத்தக்கது. இங்குள்ள வாக்காளர்களின் மொழியும் அரசியல் மரபும் எங்கிருந்து வந்தவை என்பதை அந்த முடிவுகளே சொல்லும்.

ஒரு சொல்லின் பயணம்

தங்கவயலுக்கும் 'எஞ்சாய் எஞ்சாமி'க்கும் இடையே நேரடியான ஒரு கருத்து வழித்தொடர்பு உண்டு. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதர்.

1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் இதழ் தொடங்கிய அவர், தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களைச் சாதியற்றவர்களாக அறிவித்துக்கொள்ள வேண்டும் என வலியுறுத்தினார். அவருடைய பௌத்த சங்கத்தின் கிளைகள் வேரூன்றிய இடங்களில் முதன்மையானது கோலார் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துச் சங்கம் வளர்த்தனர். 1914இல் பண்டிதர் மறைந்தார். 1926இல் 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில்தான் மறுவாழ்வு கிடைத்தது. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராக இருந்தார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்த சித்தார்த்த புத்தகசாலையும் சாம்பியன் ரீஃபில் இயங்கியதுதான். அச்சுக்கூடங்களும் கல்விக்கூடங்களும் நிறைந்த சென்னை மறந்துபோன ஒரு சிந்தனையாளரை, பூமிக்கடியில் வேலை செய்தவர்கள் காப்பாற்றினர்.

2017ஆம் ஆண்டின் இறுதியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து சென்னையில் ஓர் இசைக்குழுவை அமைத்தனர். கானா, ராப், ராக், பறை ஆகியவற்றைச் சேர்த்துப் பாடிய அக்குழுவுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர் சூட்டப்பட்டது. 'சாதி இல்லாத தமிழர்' என்ற பண்டிதரின் சொற்றொடரிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. 2018 ஜனவரியில் அக்குழு சென்னையில் முதன்முறையாக மேடையேறியபோது அதில் ராப் பாடியவர்களில் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த இளைஞர் அறிவரசு. அறிவு என்ற பெயரில் பின்னர் அறியப்பட்டவர் அவரே.

அரக்கோணம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கிய ஊர். தங்கவயலுக்கு ஆள் பிடித்த அதே நிலப்பரப்பு. அங்கிருந்து ஒரு சாரார் மேற்கே தங்கவயலுக்குச் சென்றனர். மற்றொரு சாரார் கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர்.

பாட்டியின் கதை

2021 மார்ச் 7ஆம் தேதி 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. திரைப்படம் எதிலும் இடம்பெறாத தனிப்பாடல் அது. ஏ.ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட 'மாஜா' என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த, இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி தீயும் அறிவும் பாடினர். காணொளியை அமித் கிருஷ்ணன் இயக்கினார்.

இப்பாடல் தம் பாட்டி வள்ளியம்மாளின் கதை என்று அறிவு பலமுறை கூறியுள்ளார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, தமிழகம் திரும்பி மீண்டும் கூலியாகவே வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். காணொளியிலும் அவர் தோன்றுகிறார். 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவமே 'எஞ்சாமி'. பண்ணையாரை நோக்கிக் கூலியாள் கைகட்டிச் சொல்லும் சொல்லும் அதுவே. பேரனை மடியில் வைத்துப் பாட்டி கொஞ்சும் சொல்லும் அதுவே.

இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நாடாளுமன்ற வரலாறும் இருக்கிறது. 1948இல் இலங்கை அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களைக் கணக்குப் புத்தகத்தில் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தைப் பற்றி அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் குடியேற்றப்பட்ட இவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரைச் சுமந்தனர். 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுமே இடம்பெற்றன. இலங்கை இடம்பெறவில்லை என்ற குறையைத் தமிழகக் கட்சிகள் எழுப்பியபோதும், இந்த வரலாறே பின்னணியில் இருந்தது.

இவ்வளவு சுமையுள்ள ஒரு பாடல், துள்ளலான தாளத்தில் வந்தது. நிலமற்றவரின் ஒப்பாரியும் உழவுப் பாட்டின் சாயலும் அதில் கலந்திருந்தன. தமிழகம், கேரளம், இலங்கை, மலேசியா, கனடா எனத் தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் அது ஒலித்தது. திருமண மண்டபங்களிலும் கல்லூரி விழாக்களிலும் அதற்கு நடனம் ஆடாதவர் இல்லை. 2021 ஏப்ரலில் கேரளக் காவல் துறை இம்மெட்டைப் பயன்படுத்திக் கொரோனா விழிப்புணர்வுக் காணொளி ஒன்றையும் வெளியிட்டது. நிலம் யாருக்கு என்று கேட்ட பாட்டு, முகக்கவசம் அணியச் சொல்லும் பாட்டாகவும் பயன்பட்டது.

பெயர் விடுபட்ட இடங்கள்

பாடல் பரவப் பரவ, அதன் ஒரு பாதி மங்கத் தொடங்கியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வெளியீட்டின்போதே பாடல் 'தீ' என்ற பெயரிலும், 'உடன் அறிவு' என்ற துணைக்குறிப்போடும் பட்டியலிடப்பட்டிருந்தது. பிரான்ஸைச் சேர்ந்த டிஜே ஸ்னேக் செய்த மறுகலவை, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் மின்பலகையில் விளம்பரப்படுத்தப்பட்டபோது அதில் தீயின் உருவம் இருந்தது. அறிவின் உருவம் இல்லை.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயையும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. அட்டையில் பாராட்டப்பட்ட 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய இரு பாடல்களிலும் அறிவின் எழுத்து உண்டு. ஆனால் அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் இதைச் சுட்டிக்காட்டி வெளிப்படையாகக் கண்டித்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்துக் கலைஞனின் உழைப்பு கொண்டாடப்படும் இடத்திலேயே அவன் மறைக்கப்படுகிறான் என்ற விவாதம் தமிழகம் தாண்டி தில்லி வரை எழுந்தது. அம்மாத இறுதியில் அவ்விதழ் அறிவை முகப்பில் வைத்து இணையப் பதிப்பு அட்டை ஒன்றை வெளியிட்டது.

இதன் உச்சம் 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நிகழ்ந்தது. 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர் நரேந்திர மோதியும் முதல்வர் மு.க. ஸ்டாலினும் பங்கேற்ற மேடை. அங்கு தீயும், நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் 'எஞ்சாய் எஞ்சாமி'யை நிகழ்த்தினர். அப்போது அமெரிக்காவில் இருந்த அறிவு அதில் இடம்பெறவில்லை.

நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்ட் 1ஆம் தேதி, அறிவு இன்ஸ்டகிராமில் எழுதினார். பாடலின் மெட்டும் சொல்லும் தமக்கு யாரும் தந்தவை அல்ல என்றும், தூக்கமில்லாத பல மாத உழைப்பில் அதைத் தாமே ஆக்கி எழுதிப் பாடியதாகவும், கூட்டு உழைப்பை மறுக்கவில்லை என்றாலும் அது தம் முன்னோரின் வரலாறு இல்லை என்றாகிவிடாது என்றும் அதன் சாரம்.

சந்தோஷ் நாராயணன் விரிவான விளக்கம் அளித்தார். வேர்களையும் இயற்கையையும் போற்றும் ஒரு பாடலுக்கான எண்ணம் 2020 டிசம்பரில் தீயும் இயக்குநர் மணிகண்டனும் முன்வைத்தது என்றும், மெட்டமைத்து இசைக்கோர்ப்பு செய்து பதிவு செய்தது தாம் என்றும், பாடலின் வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமாகவே பிரிக்கப்பட்டுள்ளன என்றும் அவர் கூறினார். அறிவின் மீது தமக்குள்ள மதிப்பையும் பதிவு செய்தார். தாம் பேசிய எல்லா மேடைகளிலும் அறிவுக்குரிய பெருமையைக் குறிப்பிட்டதாகவும், பாடல் வெளிப்பட்ட விதம் தம் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் தீ விளக்கினார்.

மூவரும் சொல்வதில் எது எவ்வளவு சரி என்பதை வெளியில் இருந்து எவரும் தீர்ப்பளிக்க இயலாது. ஒரு மெட்டு ஒலிப்பதிவுக்கூடத்தில் யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்பதற்குச் சாட்சி அங்கிருந்தவர்கள் மட்டுமே. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அதுவரை ரசிகர்கள் 'யார் பாடியது' என்று மட்டுமே கேட்டுவந்தனர். இந்தப் பாடலுக்குப் பின் 'யார் எழுதியது, பணம் யாருக்குப் போகிறது' என்றும் கேட்கத் தொடங்கினர்.

மாநிலங்களவை கேட்ட குரல்

இக்கேள்விக்கு நாடாளுமன்றம் பத்தாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்ல முயன்றிருந்தது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் ஆக்கியோராக ஏற்றது. ஆனால் நடைமுறையில் படத் தயாரிப்பாளரும் இசைத்தட்டு நிறுவனமும் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் எல்லா உரிமையும் ஒரே தடவையில் கைமாறிவிடும். 1977இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தின் வழக்கில், தயாரிப்பாளர் தரப்புக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் தனியாகக் குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகரின் குரலுக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லாத நிலையை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துவோருக்கு உரிமை கிடைக்க 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2010 ஏப்ரலில் அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் மாநிலங்களவையில் புதிய திருத்த மசோதாவை அறிமுகம் செய்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் நியமன உறுப்பினராக அவைக்கு வந்திருந்தார். மசோதா நிலைக்குழுவுக்குச் சென்றது. தயாரிப்பாளர்களும் இசை நிறுவனங்களும் கடுமையாக எதிர்த்தனர். இரண்டாண்டுகளுக்குப் பின் 2012 மே 17ஆம் தேதி மாநிலங்களவையில் விவாதம் நடந்தபோது, புகழ்பெற்ற பாடல்களைத் தந்த கலைஞர்கள் வறுமையில் மாண்ட கதைகளை ஜாவேத் அக்தர் எடுத்துரைத்தார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருசேர ஆதரித்த மசோதாக்கள் அரிதாகிவிட்ட அந்நாள்களில், இது எல்லாத் தரப்பின் ஆதரவோடும் நிறைவேறியது. மே 22இல் மக்களவையும் ஒப்புதல் அளித்தது. ஜூன் 21 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தத்தின் உயிர்நாடி 18ஆவது பிரிவில் சேர்க்கப்பட்ட விதிவிலக்குகள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமையை விற்றாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அப்படி எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. திரைப்படப் பாடலுக்குத் திரையரங்குக்கு வெளியிலான பயன்பாட்டிலும், 'எஞ்சாய் எஞ்சாமி' போன்ற தனிப்பாடலுக்கு எல்லாப் பயன்பாட்டிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 38-பி பிரிவு, நிகழ்த்துவோர் தம் பெயர் குறிப்பிடப்படுவதைக் கோரும் உரிமையை அளிக்கிறது. ஆக்கியோருக்கு அதே உரிமையை 57ஆவது பிரிவு வழங்குகிறது.

ஏட்டில் இவ்வளவும் உண்டு. இருந்தும் மூன்றாண்டுகள் கழித்து வருவாய் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் ஏன் சொல்ல நேர்ந்தது?

சட்டம் நிற்கும் இடம்

பணம் வரும் பாதை நீளமானது. ரசிகர் கைப்பேசியில் பாடலைக் கேட்கிறார். அதற்கான தொகை அமெரிக்காவிலோ சுவீடனிலோ தலைமையகம் கொண்ட நிறுவனத்திலிருந்து விநியோகஸ்தருக்கும், அங்கிருந்து வெளியீட்டு நிறுவனத்துக்கும், அதன் பின்னரே கலைஞருக்கும் வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் கழிவு உண்டு. கணக்கு கேட்கும் வசதி கலைஞருக்குக் குறைவு. 'எஞ்சாய் எஞ்சாமி' விவகாரத்தில் தம் மீதான குற்றச்சாட்டை மாஜா தரப்பு மறுத்தது. மூன்றாம் தரப்பினரிடமிருந்து தங்களுக்கே முழுத் தொகையும் வந்து சேரவில்லை என்றும் கலைஞர்களுக்கு முன்பணம் அளித்திருப்பதாகவும் அது கூறியது. ஏ.ஆர். ரகுமானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்று சந்தோஷ் நாராயணன் குறிப்பிட்டார்.

சமபங்கு என்று சட்டம் சொல்கிறது. எத்தனை ரூபாயில் சமபங்கு என்பதைக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் சொல்கிறார். 2012இல் மக்களவையும் மாநிலங்களவையும் மனத்தில் வைத்திருந்தது வானொலியும் தொலைக்காட்சியும் ஒலித்தட்டும்தான். எல்லை கடந்த இணையச் சேவைகளிடமிருந்து கணக்கை நேரடியாகக் கேட்டுப் பெறும் எளிய வழி தனிக் கலைஞருக்கு இன்னும் இல்லை. கலைஞர்களே நடத்தும் பதிப்புரிமைச் சங்கங்களில் உறுப்பினராவது ஒரு வழி. ஆனால் வட்டார மொழிகளில் தனித்து இயங்கும் இளைஞர்கள் பலர் அவற்றின் பட்டியலில் இல்லை.

இன்னொரு குறை அடித்தளத்திலேயே உள்ளது. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ஆசிரியர் யார் என்று சட்டத்துக்குத் தெரியாது. ஒரு சமூகம் நூறாண்டுகளாகப் பாடி வந்த மெட்டு பொதுச் சொத்து. அதை ஒலிப்பதிவு செய்தவருக்கு மட்டுமே உரிமை பிறக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. நாட்டுப்புற வெளிப்பாடுகளுக்கான உடன்படிக்கை இன்னும் உருவாகவில்லை. வள்ளியம்மாளின் தலைமுறை தோட்டத்து லயங்களில் பாடிய பாட்டுக்கும், தங்கவயலின் லைன்களில் சுரங்க விபத்துக்குப் பின் எழுந்த ஒப்பாரிக்கும் சட்டத்தில் ஒரே நிலைதான்: உரிமையாளர் இல்லாத சொத்து. காலனி ஆட்சி தரிசு நிலத்தையும் இப்படித்தான் அழைத்தது.

மேட்டில் மிச்சமிருக்கும் தங்கம்

2024 ஆகஸ்ட் 15ஆம் தேதி பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வெளியானது. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் தேடிச் சென்ற தாழ்த்தப்பட்ட மக்களின் கதையை அது பேசியது. அதற்கு முன் 2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படங்கள் இவ்வூரின் பெயரை இந்தியா முழுவதும் கொண்டுசென்றன. அவற்றின் நாயகன் கற்பனை. உண்மையில் இங்கு வேலைநிறுத்தம் செய்த, அச்சகம் நடத்திய, இதழ் வெளியிட்ட தமிழ்த் தொழிலாளிக்கு அக்கதையில் இடமில்லை. ஊரின் பெயர் பரவியது. மக்களின் பெயர் பரவவில்லை.

இப்போது சயனைடு மலைகள் மீண்டும் ஏலத்துக்கு வருமானால், சுரங்கச் சட்டப்படி ராயல்டி மாநில அரசுக்குச் செல்லும். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு புதிய வழியைத் திறந்தது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் குத்தகைதாரர் தனித் தொகை செலுத்த வேண்டும். அந்தத் தொகை நந்திதுர்க் லைன்களுக்கும் மாரிக்குப்பத்துக்கும் எவ்வளவு வந்து சேரும், பாதிக்கப்பட்டவர் பட்டியலில் முன்னாள் தொழிலாளியின் குடும்பம் இருக்குமா, காற்றில் பறக்கும் தூளைச் சுவாசிப்பவர்களுக்கு மருத்துவ வசதி கிடைக்குமா என்பவை அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். ஏலத்துக்கு முன் இக்கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான உறுதி பெறப்படாவிட்டால், ஏலத்துக்குப் பின் பெறுவது கடினம்.

பாட்டின் விஷயத்திலும் அதே பாடம்தான். ஒப்பந்தத்துக்கு முன்னரே யார் ஆக்கியோர், யார் நிகழ்த்துவோர், எந்தப் பெயர் எந்த வரிசையில் வரும், கணக்கை யார் எப்போது காட்ட வேண்டும் என்பவை எழுதப்பட வேண்டும். இதற்கு மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அரசு வகுக்கலாம். இணையச் சேவைகள் பாடல்வாரியாகக் கணக்கை ஆக்கியோருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும் என 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவரலாம். இரு அவைகளிலும் தமிழக உறுப்பினர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் இல்லை. தனிநபர் மசோதாவாகவேனும் இதை எழுப்ப எந்தத் தடையும் இல்லை.

அறிவு 2024இல் தம் தனித் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. இம்முறை துணைக்குறிப்பாக இல்லாமல், தலைப்பிலேயே பாட்டியின் பெயரும் தம் உறவும் நிற்கும்படி அவர் பார்த்துக்கொண்டார். நந்திதுர்க்கில் லைன் வீட்டுக் கதவு எண்ணைக் காட்டிப் பட்டா கேட்கும் குடும்பங்கள் வேண்டுவதும் இதுவே: உழைத்த இடத்தின் ஆவணத்தில் தங்கள் பெயர்.